நலமாக இருப்பதும் நலமாக உணர்வதும்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தையொட்டி நடைபெற்ற உடல்நல விழிப்புணர்வு அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

புகழனைத்தும் வல்ல அல்லாஹ் ஒருவனுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் என்றென்றும் உண்டாவதாக.

  

உடல்நலம் பற்றிப் பேசுமாறு நிர்வாகிகள் என்னைப் பணித்தனர். பொதுவாகப் பேசிக் கலைவதைவிட, நம் வீடுகளில் நாள்தோறும் அடிபடும் ஒரு செய்தியை எடுத்துக்கொள்ளலாம் என எண்ணினேன். இன்று நம் மஹல்லாக்களில் அக்குபங்சர் சிகிச்சைக்குச் செல்வோர் அநேகர். மூட்டுவலிக்குச் செல்வோர் உண்டு. தலைவலிக்குச் செல்வோர் உண்டு. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் செல்வோரும் உண்டு. "வாரம் ஒருமுறை தவறாமல் போகிறேன், அல்ஹம்துலில்லாஹ், நலமாக இருக்கிறேன்" என்று அவர்கள் சொல்கிறார்கள். இச்சொல்லில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. எத்தனை முறை போகிறோம் என்பது ஒன்று. எவ்வளவு நலமாக உணர்கிறோம் என்பது மற்றொன்று. முதலாவதுதான் இரண்டாவதற்குக் காரணமா? நலமாக உணர்வது எந்த நோயில் போதுமான சான்று, எந்த நோயில் போதாத சான்று? இவ்விரு கேள்விகளுக்கும் விடை தேடுவதே இவ்வுரையின் நோக்கம். அக்குபங்சரைப் பழிப்பதும் என் நோக்கமன்று. அதற்கு விளம்பரம் செய்வதும் என் நோக்கமன்று.

ஊசி வந்த வழி

அக்குபங்சர் சீன நாட்டின் தொன்மையான மருத்துவ முறை. மெல்லிய ஊசிகளை உடலின் குறிப்பிட்ட புள்ளிகளில் செருகுவது அதன் வழிமுறை. 1938இல் ஜப்பானியப் படையெடுப்பால் அல்லலுற்ற சீனாவுக்கு நம் நாட்டிலிருந்து ஐந்து மருத்துவர்கள் கொண்ட குழு சென்றது. டாக்டர் துவாரகாநாத் கோட்னிஸ் அக்குழுவைச் சேர்ந்தவர். அங்கேயே பணியாற்றி 1942இல் உயிர் நீத்தார். அதே குழுவில் சென்ற டாக்டர் பி.கே. பாசு, பின்னர் மீண்டும் சீனா சென்று அக்குபங்சரைக் கற்றுவந்து, 1959இல் கல்கத்தாவில் அதனைத் தொடங்கி வைத்தார். இந்தியாவில் அக்குபங்சர் வேரூன்றியது இவ்வாறுதான்.

மேலைநாட்டவர் கவனம் இதன்பால் திரும்பியது 1971இல். அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் பீக்கிங்கில் இருந்தபோது குடல்வால் அறுவைக்கு உள்ளானார். அறுவை வழக்கமான மயக்க மருந்து கொடுத்தே செய்யப்பட்டது. அதற்குப் பின் வயிற்றில் ஏற்பட்ட உபாதைக்கு அக்குபங்சர் அளிக்கப்பட்டது. அவர் எழுதிய கட்டுரையைப் படித்த பலர், அறுவையே ஊசி மூலம்தான் நடந்தது என்று பின்னாளில் சொல்லலாயினர். ஒரு செய்தி வாய்க்கு வாய் மாறும்போது எவ்வளவு வளர்ந்துவிடுகிறது என்பதற்கு இதுவே போதிய உதாரணம்.

இன்று அமெரிக்காவில் இதன் பயன்பாடு முறையாகக் கணக்கெடுக்கப்படுகிறது. அந்நாட்டு அரசின் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில், கடந்த 12 மாதங்களில் அக்குபங்சர் செய்துகொண்டீர்களா என்று கேட்கிறார்கள். ஆம் என்று சொன்ன பெரியவர்கள் 2002இல் சுமார் 1 சதவீதம், 2022இல் 2.2 சதவீதம். இருபதாண்டுகளில் இரு மடங்கு. இவர்களில் பெரும்பாலோர் முதுகுவலி, மூட்டுவலி, கழுத்துவலி போன்றவற்றிற்காகவே சென்றவர்கள்.

"உடம்பு எப்படி இருக்கிறது?"

அதே கணக்கெடுப்பில் மற்றொரு கேள்வியும் உண்டு. "பொதுவாக உங்கள் உடல்நலம் எப்படி? மிகச் சிறப்பு, மிக நன்று, நன்று, சுமார், மோசம் — இவற்றுள் எது?" இரத்தம் எடுப்பதில்லை, கருவி எதுவும் இல்லை. பதில் சொல்பவரின் மனம்தான் அளவுகோல். இக்கேள்வியை எளிதாக எண்ணிவிட வேண்டாம். 1997இல் இரு ஆய்வாளர்கள், பல நாடுகளில் நடந்த 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். "என் உடல்நலம் மோசம்" என்று தாமே சொன்னவர்கள், மற்றவர்களைவிட விரைவில் மரணமடையும் வாய்ப்பு அதிகம் என்பதே ஏறத்தாழ எல்லா ஆய்வுகளிலும் தென்பட்டது. வயது, இருக்கும் நோய் ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் இந்நிலை பெரும்பாலும் மாறவில்லை. மனிதன் தன் உடலைப் பற்றிச் சொல்லும் சொல்லுக்கு மதிப்புண்டு.

ஆயினும் அச்சொல் எப்போதும் உண்மை நிலையைக் காட்டுவதில்லை. பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் 2002இல் எழுதிய ஒரு மருத்துவ இதழ்க் கட்டுரையில் நம் நாட்டையே எடுத்துக்காட்டினார். இந்திய மாநிலங்களில் அதிக ஆயுள் காணும் கேரள மக்களே தமக்கு நோய் இருப்பதாக அதிகம் சொல்கிறார்கள். ஆயுள் மிகக் குறைந்த பீகாரிலோ நோய் என்று சொல்வோர் மிகக் குறைவு. கேரளத்தில் கல்வி உண்டு, மருத்துவமனை அருகில் உண்டு. எனவே நோயை நோய் என்று அறிகிறார்கள். அறியாத இடத்தில் நோயும் இயல்பாகிவிடுகிறது.

அவரே தம் நூலொன்றில் எடுத்துக்காட்டிய இன்னொரு தகவல், குறிப்பாகத் தாய்மார்கள் கேட்க வேண்டியது. வங்கப் பஞ்சத்திற்கு மறு ஆண்டான 1944இல், கல்கத்தாவை அடுத்த சிங்கூரில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம் பேர் தம் உடல்நலம் சரியில்லை என்றனர். கணவனை இழந்த பெண்களில் அவ்வாறு சொன்னவர் 2.5 சதவீதம் மட்டுமே. அப்பெண்களின் நிலை ஆண்களைவிட மேலாக இருந்திருக்க முடியாது. தம் வேதனையைச் சொல்லும் பழக்கம் அவர்களுக்கு இல்லை; அவ்வளவுதான். நம் வீட்டுத் தாய்மார்களும் "எனக்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று சொல்லியபடியே அடுப்படியில் நிற்பவர்கள்தாமே!

போகிறவர் நலமா, நலமானவர் போகிறாரா?

இனி இரு கேள்விகளையும் சேர்த்துப் பார்ப்போம். அமெரிக்காவில் 1,035 பேரிடம் நடத்தப்பட்டு 1998இல் வெளியான ஆய்வு ஒன்று, மாற்று மருத்துவ முறைகளை நாடுவோர் யார் என்று ஆராய்ந்தது. படித்தவர்கள் அதிகம் நாடுகிறார்கள். உடல்நலம் குன்றியவர்கள் அதிகம் நாடுகிறார்கள் என்பது முடிவு. 2007ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை வைத்து 2011இல் வெளியான வேறோர் ஆய்வோ, அக்குபங்சர் உள்ளிட்ட மாற்று முறைகளைக் கையாள்வோர் "என் உடல்நலம் மிகச் சிறப்பு", "சென்ற ஆண்டைவிட மேல்" என்று சொல்லும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்றது.

ஒன்று நோயுற்றவர் போகிறார் என்கிறது. மற்றொன்று போகிறவர் நலமாக உணர்கிறார் என்கிறது. இவை ஒன்றையொன்று மறுப்பனவல்ல. வலி உள்ளவர்தான் சிகிச்சை தேடிப் போவார். மாதம் நான்கு முறை போகிறவருக்கு வலி அதிகம் என்பதும் இயல்பே. அதைக் கண்டு அக்குபங்சரால்தான் அவர் நலம் கெட்டது என்று முடிவு செய்வது பிழை. மறுபுறம், தம் உடலில் அக்கறை கொண்டவர், நடைப்பயிற்சி செய்பவர், உணவில் கட்டுப்பாடு உள்ளவர், கையில் பணமும் நேரமும் உள்ளவர் ஆகியோரும் இத்தகைய சிகிச்சைகளை நாடுகிறார்கள். அவர்கள் சிகிச்சைக்குப் போகாவிட்டாலும் நலமாகவே இருந்திருப்பர். அதைக் கண்டு ஊசிதான் நலம் தந்தது என்பதும் பிழையே.

மூன்றாவது காரணமும் ஒன்றுண்டு. வலி கடலலை போன்றது, ஏறும், இறங்கும். அது உச்சியில் இருக்கும்போதுதான் நாம் சிகிச்சைக்கு ஓடுகிறோம். உச்சிக்கு வந்தது எப்படியும் இறங்கத்தான் போகிறது. இறங்கும்போது யாரிடம் இருந்தோமோ அவருக்குப் பெயர் போய்விடுகிறது. அவர் அலோபதி மருத்துவராயினும், அக்குபங்சர் மருத்துவராயினும், தாயத்து எழுதுபவராயினும் இதுவே நிலை.

ஆகவே "இத்தனை பேர் போகிறார்கள், இத்தனை பேர் நலமாக உணர்கிறார்கள்" என்ற கணக்கு மட்டும் நமக்கு வழி காட்டாது. ஒரே மாதிரியான நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்குச் சிகிச்சையும் மறுபகுதியினருக்கு வேறொன்றும் அளித்துப் பார்க்கும் ஆய்வு வேண்டும். அத்தகைய ஆய்வுகள் நடந்துள்ளன.

வலியில் ஊசியின் பயன்

ஜெர்மனியில் நாட்பட்ட இடுப்புவலி உடைய 1,162 பேரை மூன்று பிரிவாக்கினர். முதற்பிரிவினருக்கு முறையான அக்குபங்சர். இரண்டாம் பிரிவினருக்குப் போலி அக்குபங்சர். அதாவது, அக்குபங்சர் புள்ளிகள் அல்லாத இடங்களில் ஊசியை மேலோட்டமாகச் செருகுதல். மூன்றாம் பிரிவினருக்கு மாத்திரை, உடற்பயிற்சி முதலான வழக்கமான சிகிச்சை. 2007இல் முடிவு வெளியாயிற்று. ஆறு மாதங்களுக்குப் பின் நல்ல முன்னேற்றம் கண்டவர்கள், முதற்பிரிவில் 47.6 சதவீதம், போலி ஊசி பெற்றவர்களில் 44.2 சதவீதம், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 சதவீதம்.

இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. ஊசி பெற்றவர்கள் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட மேலான நிலை அடைந்தனர். ஆனால் எந்தப் புள்ளியில் குத்தினாலும் பலன் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. 2012இல் 29 ஆய்வுகளின் 17,922 நோயாளிகளைச் சேர்த்து ஆராய்ந்தபோதும் இதையொத்த முடிவே கிட்டியது. அவ்வாய்வாளர்கள் தந்த விளக்கம் எளிது. நூற்றுக்கு 60 என்ற அளவில் வலியுடன் வந்தவர், அக்குபங்சர் இல்லாவிடில் 43க்கு இறங்குவார். போலி ஊசியில் 35க்கு இறங்குவார். உண்மை ஊசியில் 30க்கு இறங்குவார். உண்மைக்கும் போலிக்கும் இடையே சிறிய வேறுபாடு உண்டு. ஊசியே இல்லாமைக்கும் ஊசிக்கும் இடையே உள்ள வேறுபாடு அதைவிடப் பெரிது.

முழங்கால் வலியால் தொழுகையில் நாற்காலியைத் தேடும் நம் பெரியவருக்கு 60இலிருந்து 30க்கு இறங்குவது சிறிய செய்தியன்று. அதில் எவ்வளவு ஊசியால், எவ்வளவு காலத்தால், எவ்வளவு நம்பிக்கையால் என்று பிரித்துப் பார்ப்பது ஆய்வாளர் வேலை. அவருக்கு வலி குறைந்தது என்பது உண்மை. வலி என்பதே ஓர் உணர்வு. அது குறைந்ததாக உணர்ந்தால் குறைந்துவிட்டது என்றே பொருள். வலி நோயில் நோயாளியின் சொல்லே தீர்ப்பு. அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் எல்லா நோயும் வலி நோயன்று. என் உரையின் மையமே இதுதான். சற்று உற்றுக் கேட்குமாறு வேண்டுகிறேன்.

பாஸ்டன் நகர் ஆய்வு

2011இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் ஆஸ்துமா நோயாளிகளிடம் நடத்திய சிறிய ஆய்வொன்றை வெளியிட்டனர். நிறைவு செய்த நோயாளிகள் 39 பேர்தான். ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு நாட்களில் நான்கு முறைகள் கையாளப்பட்டன. ஒரு நாள் சால்பியூட்டமால் எனப்படும் உண்மை மருந்துள்ள இன்ஹேலர். ஒரு நாள் மருந்தில்லாத போலி இன்ஹேலர். ஒரு நாள் போலி அக்குபங்சர். ஒரு நாள் எதுவுமே இல்லை, காத்திருத்தல் மட்டும். பிறகு இரண்டு கேள்விகள். "எவ்வளவு சுகம் தெரிகிறது?" என்பது நோயாளியிடம் கேட்டது. ஒரு வினாடியில் எவ்வளவு காற்றை ஊதி வெளியேற்ற முடிகிறது என்பது கருவியிடம் கேட்டது.

நோயாளிகள் சொன்ன பதில்: உண்மை மருந்தில் 50 சதவீதம் முன்னேற்றம், போலி இன்ஹேலரில் 45, போலி அக்குபங்சரில் 46, எதுவும் செய்யாத நாளில் 21. அதாவது, உண்மை மருந்துக்கும் போலிக்கும் அவர்களால் வேறுபாடு காண இயலவில்லை.

கருவி சொன்ன பதில் வேறு. உண்மை மருந்தில் நுரையீரலின் திறன் 20 சதவீதம் உயர்ந்தது. போலி இன்ஹேலர், போலி அக்குபங்சர், காத்திருத்தல் ஆகிய மூன்றிலும் சுமார் 7 சதவீதமே.

அன்புச் சகோதரர்களே! அந்நோயாளிகள் பொய் சொல்லவில்லை. சுகம் தெரிந்தது என்றே உணர்ந்தனர், அப்படியே சொன்னார்கள். ஆயினும் மூச்சுக்குழல் திறக்கவில்லை. இரவில் கடுமையான இரைப்பு வந்தால், அவரைக் காப்பது சுகமான உணர்வன்று, திறந்த மூச்சுக்குழலே. நலமாக உணர்வதும் நலமாக இருப்பதும் இரண்டு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஆஸ்துமாவிலாவது மூச்சுத் திணறல் என்ற எச்சரிக்கை உண்டு. எச்சரிக்கையே இல்லாத நோய்கள் நம்மிடையே பெருகியுள்ளன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளியாயிற்று. நம் நாட்டில் 10 கோடியே 10 இலட்சம் பேருக்குச் சர்க்கரை நோய், பெரியவர்களில் 11.4 சதவீதம். உயர் இரத்த அழுத்தம் உடையோர் 35.5 சதவீதம், அதாவது, மூவரில் ஒருவருக்கு மேல். இவர்களில் பலருக்கு எந்த உபாதையும் தெரியாது. "நலமாகத்தான் இருக்கிறேன்" என்பார்கள். சிறுநீரகமும் விழித்திரையும் இதயமும் மூளையின் இரத்தக் குழாய்களும் ஓசையின்றிச் சிதைந்துகொண்டிருக்கும்.

இங்கேதான் ஆபத்து நுழைகிறது. வலிக்காக அக்குபங்சருக்குச் சென்று பலன் கண்டவர், அந்நம்பிக்கையைச் சர்க்கரைக்கும் நீட்டிவிடுகிறார். "மாத்திரையை நிறுத்துங்கள், பரிசோதனையே வேண்டாம், உடம்பு தானே சரிசெய்துகொள்ளும்" என்று அவரிடம் சொல்வோரும் சிலர் உண்டு. முதல் சில வாரங்கள் அவர் உற்சாகமாகவே இருப்பார். மாத்திரை இல்லை, ஊசி மருந்து இல்லை, மருத்துவமனை வரிசை இல்லை. ஆனால் இரத்தத்தில் சர்க்கரை ஏறுவதை உணர்வு காட்டிக் கொடுப்பதில்லை. அதிலும், பிறவியிலோ இளமையிலோ கணையம் செயலிழந்து இன்சுலினை நம்பி வாழும் பிள்ளைகளுக்கு அதை நிறுத்துவது சில நாட்களிலேயே உயிரைப் பறிக்கும். 1922இல் கனடாவின் டொராண்டோ நகரில் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு இன்சுலின் செலுத்தப்படும் வரை, அத்தகைய பிள்ளைகள் பிழைத்ததில்லை என்பதை நாம் மறக்கலாகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பகுதிகளில் ஊசியே இல்லாமல் விரலால் ஒரு புள்ளியைத் தொடும் முறையும் அக்குபங்சர் என்ற பெயரில் வழங்குகிறது. நான் மேலே எடுத்துரைத்த ஜெர்மானிய ஆய்வு முதலியவை ஊசி செருகும் முறையைப் பற்றியவை. அவற்றின் முடிவை அப்படியே தொடு முறைக்குச் சான்றாகக் காட்ட முடியாது.

எத்தனை முறை போதும்?

அக்குபங்சரை ஏற்ற நாடுகள் அதற்கு வரம்பும் வகுத்துள்ளன. அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடு 2020 முதல் நாட்பட்ட இடுப்புவலிக்கு அக்குபங்சர் செலவை ஏற்கிறது. 90 நாட்களுக்குள் 12 முறை. முன்னேற்றம் தெரிந்தால் மேலும் 8 முறை. ஆண்டில் 20க்கு மேல் இல்லை. முன்னேற்றம் இல்லையேல் நிறுத்திவிட வேண்டும். இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2012இல் ஒற்றைத் தலைவலிக்கு 5 முதல் 8 வாரங்களில் 10 அமர்வுகள் வரை பரிந்துரைத்தது. அதே நிறுவனம் 2016இல் இடுப்புவலிக்கு அக்குபங்சர் வேண்டாம் என்றது. அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் இது காட்டுகிறது.

2017இல் வெளியான ஆய்வொன்று, நாட்பட்ட வலியில் அக்குபங்சரால் கிட்டிய பலனில் சுமார் 90 சதவீதம், சிகிச்சை முடிந்து 12 மாதங்கள் கழித்தும் நிலைத்திருந்ததாகக் கணித்தது. அப்படியாயின் ஆயுள் முழுதும் வாரந்தோறும் போக வேண்டிய அவசியம் என்ன? பலன் இருந்தால் பத்துப் பன்னிரண்டு முறைக்குள் தெரிந்துவிடும். தெரியவில்லையென்றால் ஐம்பது முறை போவதால் தெரியப் போவதில்லை. குடும்பப் பணம்தான் கரையும்.

கனிந்த சொல்லும் மருந்தே

அக்குபங்சர் ஆய்வுகளில் நம் உள்ளத்தைத் தொட வேண்டிய முடிவொன்றும் உண்டு. 2008இல் வெளியான ஆய்வில், குடல் எரிச்சல் நோயுடைய 262 பேரை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் காத்திருந்தனர். இரண்டாம் பிரிவினருக்குப் போலி அக்குபங்சர் அளிக்கப்பட்டது. பேச்சு மிகக் குறைவு. மூன்றாம் பிரிவினருக்கும் அதே போலி அக்குபங்சர்தான்; ஆனால் சிகிச்சை தந்தவர் அருகில் அமர்ந்து, பரிவோடு விசாரித்து, பொறுமையாகக் கேட்டார். மூன்று வாரங்களில் போதிய சுகம் கண்டதாகச் சொன்னவர்கள் முறையே 28, 44, 62 சதவீதம்.

அக்குபங்சர் மருத்துவரை மக்கள் நாடுவதற்கு ஒரு காரணம் இதில் தெரிகிறது. அவர் நேரம் ஒதுக்குகிறார். கையைப் பிடித்துக் கேட்கிறார். இரண்டு நிமிடத்தில் சீட்டெழுதி அனுப்பும் மருத்துவமனைகள் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும். நாமும் கற்றுக்கொள்ள வேண்டும். நோயாளியைச் சென்று நலம் விசாரிப்பதை ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமையாக மார்க்கம் ஆக்கியிருப்பதன் அருமை இங்கே விளங்குகிறது. அந்தக் கனிவு மருந்துக்குத் துணை, மருந்துக்கு மாற்றன்று.

மார்க்கத்தின் வழிகாட்டுதல்

சிகிச்சை செய்துகொள்ளலாமா என்று கிராமத்து அரபிகள் கேட்டபோது, சிகிச்சை செய்துகொள்ளுமாறும், முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்தை வைத்திருப்பதாகவும் நபி (ஸல்) அவர்கள் அறிவித்த செய்தி அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் உள்ளது. ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றபோது, நபியவர்கள் அவர்தம் மார்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு, ஸகீஃப் குலத்து மருத்துவர் ஹாரிஸ் இப்னு கலதாவிடம் செல்லப் பணித்தார்கள் என்பதும் அபூதாவூதில் காணப்படுகிறது. துஆ செய்ய வல்ல நபியே, மருத்துவம் அறிந்தவரிடம் அனுப்பிவைத்தார்கள்! மருத்துவ அறிவு பெற்றவர் என அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அதற்கு அவரே பொறுப்பாளி என்ற கருத்துடைய ஹதீஸும் அபூதாவூத், நஸாயீ நூல்களில் உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. மாத்திரையை நிறுத்திவிட்டு "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்பது கயிற்றை அவிழ்த்துவிட்டு ஒட்டகத்தைத் தேடுவதற்கு ஒப்பாகும்.

என் வேண்டுகோள்கள்

முதலாவதாக, வலிக்காக அக்குபங்சர் செல்வோர் தாராளமாகச் செல்லுங்கள். ஆனால் ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் வலியின் அளவை நூற்றுக்கு இவ்வளவு என்று எழுதுங்கள். பன்னிரண்டு முறைக்குப் பின் அதைப் பாருங்கள். குறையவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள்.

இரண்டாவதாக, ஊசி ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிரிக்கப்படுகிறதா என்று கண்ணால் பாருங்கள். இங்கிலாந்தில் பயிற்சி பெற்ற அக்குபங்சர் மருத்துவர்கள் அளித்த 34,000க்கும் மேற்பட்ட சிகிச்சைகளை ஆராய்ந்து 2001இல் வெளியான ஆய்வில், கடுமையான தீங்கு ஒன்றுகூடப் பதிவாகவில்லை. கற்றவர் கையில், சுத்தமான ஊசியில் இது பாதுகாப்பானதே. பயன்படுத்திய ஊசியோ மஞ்சள் காமாலைக் கிருமியைப் பரப்ப வல்லது.

மூன்றாவதாக, சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு ஆகியவற்றிற்கு மருந்து உட்கொள்வோர், எவர் சொன்னாலும் தம் மருத்துவரைக் கேளாமல் ஒரு வேளை மருந்தையும் நிறுத்த வேண்டாம். ரமளானில் நோன்பு நோற்க விரும்புவோரும் மருந்தின் நேரத்தையும் அளவையும் மருத்துவரைக் கேட்டே மாற்றிக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் நான் குறிப்பிட்ட 1998ஆம் ஆண்டு ஆய்வில்கூட, மாற்று மருத்துவத்தையே முதன்மையாக நம்பியிருந்தவர்கள் 4.4 சதவீதம் பேர்தான். அதனைக் கையாண்ட மற்றவர்கள் துணையாகவே கொண்டனர்.

நான்காவதாக, "மருந்தில்லாமல் சர்க்கரை சரியாகிவிட்டது" என்று எவரேனும் சொன்னால் அவருடன் வாதிட வேண்டாம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனைச் சீட்டைக் காட்டுமாறு அன்புடன் கேளுங்கள். உண்மையெனில் சீட்டு சொல்லும். பரிசோதனையே வேண்டாம் என்று ஒருவர் தடுப்பாராயின், அந்தத் தடையே உங்களுக்கு எச்சரிக்கை.

ஐந்தாவதாக, நிர்வாகக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு இரு முறையேனும், ஒரு ஜுமுஆவுக்குப் பின் ஆண்களுக்கும், மத்ரஸாக் கூடத்தில் தனியே பெண்களுக்கும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அளக்க ஏற்பாடு செய்யுங்கள். "எனக்கென்ன" என்று சொல்லும் தாய்மார்களைப் பிள்ளைகளே கைப்பிடித்து அழைத்து வாருங்கள். அதற்கு ஆகும் செலவு சிறிது; ஒரு குடும்பத் தலைவர் பக்கவாதத்தில் படுத்துவிட்டால் அக்குடும்பத்திற்கு ஜமாஅத் பைத்துல்மாலிலிருந்து கொடுக்க வேண்டிய உதவி பெரிது.

ஆரோக்கியமும் ஓய்வு நேரமும் மக்களில் பலர் இழப்புக்குள்ளாகும் இரு அருட்கொடைகள் என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் கூறியதாக புகாரீயில் காண்கிறோம். அருட்கொடைக்கு நன்றி செலுத்துவதில் அதனைக் காப்பதும் அடங்கும். நலமாக உணரும்போது அல்ஹம்துலில்லாஹ் சொல்லுங்கள். சொன்ன பிறகு, உண்மையில் நலமாக இருக்கிறோமா என்று அளந்தும் பாருங்கள்.

நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல ரஹ்மான் பூரண ஷிஃபாவை வழங்குவானாக. நம் பெற்றோருக்கும் மனைவி மக்களுக்கும் நீண்ட ஆயுளையும் நிறைந்த ஆரோக்கியத்தையும் தருவானாக. பயனுள்ள அறிவைத் தந்து, தீங்கான வழிகாட்டுதலிலிருந்து நம்மைக் காப்பானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.